இருபது தோட்டத்துக்கும் ஒரே கசாயம்

அக்டோபர் 6, திங்கள்

இன்று கை நீண்டுவிட்டது. எழுதும்போதே விரல் எரிகிறது.

கீழ்த்தோட்டத்து ராஜாமணி கூலிக்கு ஆள் விட்டு மக்காச்சோளத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும், அவர் காடு, அவர் காசு. ஆனால் காற்று எங்கள் கத்தரிப் பக்கம் அடிக்கிறது. "ஏப்பா, காத்து மாறட்டும், நிறுத்து" என்று வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த ஆள் காதில் பாட்டு வயரை மாட்டிக்கொண்டு ஆடி ஆடி அடிக்கிறான். வரப்பைத் தாண்டிப் போய் ஓங்கி ஒன்று விட்டேன். முதுகில் இருந்த டேங்கோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதற்குள் என் தம்பி தவசி ஓடி வந்து, என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் டேங்கை உருவி மம்பட்டியால் இரண்டாகப் பிளந்தான். பிறகு அந்த ஆளையும் தூக்கி வாய்க்காலில் போட்டான். தவசியின் கணக்கே அதுதான். அக்காள் அடித்தால் அதில் நியாயம் இருக்கும், மீதியை அவன் அடித்து முடிக்க வேண்டும்.

"இயற்கை வெவசாயம்னு சொல்லிக்கிட்டு மனுசனக் கொல்லப் பாக்குறீங்களே" என்றார் ராஜாமணி. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவருக்கு என்ன தெரியும். எங்களுக்கு இது மூன்றாவது வருடம். வேளாண் அலுவலகத்துக்கு நான் நடந்து தேய்த்த செருப்பையெல்லாம் சேர்த்து வைத்தால் ஒரு கடை போடலாம். இயற்கை விவசாயத்துக்கு மானியம் இருக்கிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டுப் போனால், ஒரு மேசையில் கம்ப்யூட்டர் வேலை செய்யாது, அடுத்த மேசையில் ஆள் இருக்க மாட்டார். கடைசியில் அங்கே இருந்த அதிகாரி ரெபேக்கா மேடம்தான் உட்கார வைத்துச் சொன்னார்: "தனியாளுக்குக் கெடையாதுக்கா. இருபது பேர் சேந்து குழுவா வாங்க. ஒருத்தர் தோட்டத்த ஒருத்தர் நீங்களே சோதிச்சுக்கணும். மூணு வருசம் மருந்தே தொடலன்னா சான்று."

இருபது பேரைச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் வருடம் விளைச்சல் பாதி போனது. ஊரே எங்களைப் பார்த்துச் சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். இந்த வருடம் சான்று கிடைத்துவிட்டால் பாதியில் நிற்கும் சேகரிப்புக் கொட்டகைக்கு மீதி மானியம் வரும், காய் கொண்டுபோக வேன் வரும், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு நேராக நாங்களே காய் கொடுக்கலாம். ஆனால் ஒரே ஒருவர் காயில் மருந்து எச்சம் தெரிந்தால் போதும், இருபது பேருக்கும் கிடையாது. திரும்ப முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு மூன்று வருடத்துக்கு இங்கே யாருக்கும் மூச்சு இல்லை.

மேடம் கேட்கிற பண்ணை டைரி தனி. அதில் எரு போட்டது, களை எடுத்தது மட்டும்தான். இது எனக்கு. "கோவத்த எழுதி வச்சுப் பழகுங்கக்கா, கை நீளாது" என்று அவர் சொல்லித்தான் வாங்கினேன். பலன் தெரிகிறது.

அக்டோபர் 9, வியாழன்

கத்தரியில் காய்ப்புழு. நுனித்தண்டெல்லாம் வாடித் தொங்குகிறது. இன்று கசாயம் காய்ச்சினோம்.

எங்கள் குழுவில் யாரும் தனியாகப் பூச்சிவிரட்டி செய்யக் கூடாது. அது நான் போட்ட சட்டம். வீட்டுக்கு ஒரு இலை, வேம்போ நொச்சியோ ஆடாதொடையோ எருக்கோ, கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து என் தோட்டத்துக் கொட்டகையில் ஒரே அண்டாவில் போட்டுக் காய்ச்சி, ஒரே டிரம்மில் ஊற்றி வைத்து, ஆளுக்கொரு கேன் பிரித்துக்கொள்வோம். அப்போதுதான் 'நான் அடித்தது வேறு, அவன் அடித்தது வேறு' என்ற பேச்சு வராது.

இந்தத் தடவை மழையில் இலை சரியாகச் சேரவில்லை. ஈஸ்வரி அத்தை கரண்டியால் மொண்டு பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "வேலு, இது கசாயமா ரசமா? மொளகு தட்டிப் போட்டாப் புழு சாப்புட்டுட்டுப் படுத்துரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒட்டன்சத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கும் நாகராஜன் போன வாரம் கொடுத்த இரண்டு பாட்டிலையும் டிரம்மில் ஊற்றிக் கலக்கினேன். லேபிளில் வேப்பிலைப் படம். 'முழுக்க முழுக்க இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறது. இயற்கையோடு இயற்கை சேர்ந்தால் என்ன ஆகிவிடும். கடைச் சரக்கு என்றால் மேடத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்தான். அதற்குள் புழு தோட்டத்தையே தின்றுவிடும்.

வீட்டுக்காரர் கேரளாவுக்கு லாரியில் காய் ஏற்றிப் போயிருக்கிறார். சாயங்காலம் போன் செய்தார். புழுவைப் பற்றித்தான் பேசினேன்.

அக்டோபர் 13, திங்கள்

புழு போன இடம் தெரியவில்லை! பாத்திக்குள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடக்கிறது. எங்கள் கசாயத்துக்கு இவ்வளவு வேகம் இருந்ததே இல்லை. குழுவில் மூத்தவர் கொம்பையா, வாயைத் திறந்தால் குறைதான் வரும், அவரே "கைராசிக்காரிய்யா நீ" என்றார். தோட்டத்துக்கு நல்லது செய்யும் பொறிவண்டுகூட ஒன்றும் கண்ணில் படவில்லை. மழைக்கு ஒதுங்கியிருக்கும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தவசி வெடியைக் கையில் பிடித்துத் தூக்கி எறிகிறேன் என்று புதுச் சட்டையைப் பொசுக்கிக்கொண்டான். அடித்தேன். பிறகு அதிரசம் கொடுத்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று சீனிச்சாமி மாமா தோட்டத்தில் சோதனை. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அவர். ஈஸ்வரி அத்தையின் புருசன். குழு சேர்க்கிறேன் என்று நான் கிளம்பியபோது முதலில் கையெழுத்துப் போட்டவர்.

ஐந்து பேர் போனோம். செடிக்குச் செடி பார்த்தோம், மோட்டார் ரூம் பரண் வரைக்கும் ஏறிப் பார்த்தோம். சோதனை என்றால் சொந்தம் பார்க்கக் கூடாது. ஒரு சொத்தைக் காய் இல்லை. பட்டுத் துணி மாதிரி மினுமினுவென்று காய்.

"ஒரு புழுகூட இல்லாம எப்புடிய்யா?" என்றார் கொம்பையா, பொறாமை முகத்தில் வழிய.

"வேலு குடுத்த கசாயந்தேன். வெயில் ஏறுறதுக்கு முன்னால அடிச்சேன், அம்புட்டுத்தேன்" என்றார் மாமா.

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அத்தை மோர் கொடுத்தாள், உப்பு அதிகம்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆய்வகத்துக்கு அனுப்பக் காய் மாதிரி எடுக்க ரெபேக்கா மேடம் வந்தார். சீட்டுக் குலுக்கினோம். சீனிச்சாமி மாமா பெயர் வந்தது. இருபது தோட்டத்தில் அதுதான் நல்ல தோட்டம். பழனி ஆண்டவருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் மேடம் போன் செய்தார். மாமா காயில் மருந்து எச்சம் இருக்கிறதாம். கொஞ்சநஞ்சம் இல்லை. "குழுவே ரத்தாகுற கட்டத்துல இருக்குக்கா. தப்பு பண்ணுனவர நீக்கிட்டு மறுசோதனைக்கு எழுதிக் குடுங்க, நான் மேல பேசிப் பாக்குறேன்" என்றார். அந்தம்மா குரலே உடைந்திருந்தது.

மூன்று வருடம்! தவசி கல்யாணத்தைத் தள்ளிப் போட்டான். கொம்பையா மாட்டை விற்றார். நான் அலுவலக வராந்தாவில் நாய் மாதிரிக் காத்துக் கிடந்தேன். எல்லாவற்றையும் ஒரு மனுசன் ஒரு டேங்க் மருந்தில் கரைத்துவிட்டார் என்றால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொன்னேன். மாமாவை நாலு பேர் கூட்டி வந்தார்கள். கூட்டி வந்தார்கள் என்றா சொல்வது, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவருடைய டேங்க், அதன் பித்தளைக் குழாய், கசாயக் கேன் எல்லாவற்றையும் சாட்சிக்கு அள்ளி வந்திருந்தார்கள்.

"கேளுங்க" என்றுதான் சொன்னேன். அடிக்கச் சொல்லவில்லை.

"என்னத்தய்யா அடிச்ச?" என்றார் கொம்பையா.

"எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றேன். வேலு குடுத்ததத்தேன் அடிச்சேன். அதத் தவிர வேற எதையும் தொடல" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி கத்தியது. டிரம் பக்கம் கட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கயிறு காலில் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்புவதற்குள் தவசி முதல் அடியை வைத்துவிட்டான். "எங்கக்கா மேலயே பழியப் போடுறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். ஒருவன் மட்டும் அடித்தால் ஒருவன் மேல் கேஸ் நிற்கும், ஆளுக்கு ஓர் அடி போடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். போட்டார்கள். பொம்பளைகளும் போட்டார்கள். களைக்கொத்தியின் காம்பு, செருப்பு, கை, கிடைத்ததெல்லாம். மாமா தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், வேலு குடுத்ததத்தேன், வேலு குடுத்ததத்தேன் என்று. அந்த வார்த்தைதான் தவசிக்கு வெறி ஏற்றியது. பித்தளைக் குழாயை எடுத்து வீசினான். அடியைத் தடுக்க மாமா முகத்தைத் தூக்கினார். குழாய் கண்ணில் இறங்கியது.

அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கூட்டம் அப்படியே அவர் தோட்டத்துக்குப் போனது. கத்தரிச் செடி அத்தனையையும் அரிவாளால் வெட்டி, வேரோடு பிடுங்கி, காயை மிதித்துக் கூழாக்கினார்கள். ஈஸ்வரி அத்தை பாத்திக்குள் விழுந்து படுத்துக்கொண்டு, "என்னைய வெட்டுங்கடா, செடிய விடுங்கடா" என்று கதறினாள். அவளைத் தூக்கி வரப்பில் போட்டுவிட்டு வெட்டினார்கள்.

நான் எதையும் வெட்டவில்லை. கன்றுக்கு வைக்கோல் போட்டேன்.

நவம்பர் 8, சனி

மாமாவுக்கு வலது கண் போய்விட்டதாம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்க்கலாம் என்று புடவை மாற்றினேன். பிறகு வேலை இருந்தது.

டிரம்மைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பிறகு சாம்பல் போட்டு இன்னொரு தடவை. காலி பாட்டில் இரண்டு மூலையில் கிடந்தது, பழைய கிணற்றில் எறிந்தேன். எல்லோரிடமும் மீதிக் கசாயத்தைக் கீழே கொட்டிவிடச் சொன்னேன். ஏன் என்று கொம்பையா கேட்டார். புளித்துப்போன கசாயம் செடிக்கு ஆகாது என்றேன். சுத்தம் முக்கியம்.

நவம்பர் 9, ஞாயிறு

என்னிடம் அரைச் சொம்பு கசாயம் மிச்சம் இருந்தது. எறும்புப் புற்றில் ஊற்றினேன். எங்கள் கசாயத்துக்கு எறும்பு விலகி ஓடும், சாகாது.

நின்று பார்த்தேன்.

தலை வலிக்கிறது. இன்று இதோடு போதும்.

நவம்பர் 11, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்விட்டதாம், எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். தவசி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வந்தான். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே பயம் வந்தால் காதைச் சொறிவான்.

சீனிச்சாமி மாமா பாதி முகம் கட்டோடு வந்தார். இன்ஸ்பெக்டர் கேட்டதும், "மோட்டார் ரூம் படியில வழுக்கி விழுந்தேன் சார். குழாய் கண்ணுல குத்திருச்சு" என்றார். இன்ஸ்பெக்டருக்கு நிம்மதி. எழுதி வாங்கிக்கொண்டு டீ சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஈஸ்வரி அத்தை என்னை மறித்தாள். "கேசு கொடுத்தாக் குழு கலைஞ்சிரும், இருவது குடும்பமும் தெருவுக்கு வந்துரும்னு சொல்றான் இந்தக் கிறுக்கன். கண்ணு போனவன் சொல்றான். உனக்கு என்னடி போச்சு?" என்று கேட்டுவிட்டு என் காலடியில் காறித் துப்பினாள். தவசி கையை ஓங்கினான். நான் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் மாமாவைக் குழுவிலிருந்து நீக்கித் தீர்மானம் போட்டோம். வாசகம் நான்தான் சொன்னேன். 'தடை செய்யப்பட்ட மருந்தைத் தெரிந்தே பயன்படுத்தியதால்' என்று சொல்லும்போது 'தெரிந்தே' என்ற வார்த்தையைக் கொம்பையா திரும்பச் சொல்லச் சொன்னார். அவருக்குக் காது மந்தம். திரும்பச் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஒட்டன்சத்திரம் போனேன். நாகராஜன் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போய், கல்லாப் பக்கம் நின்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "வெறும் வேப்பெண்ணெய வித்தா எவன்க்கா திரும்ப வருவான்? புழு செத்தாத்தானே நல்ல சரக்குங்கிறீங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

தராசுப் படிக்கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் ஒன்று மேசையில் விழுந்தது. அவன் கத்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தான். போலீசுக்கும் போக மாட்டான். போனால் நான் அவனிடம் கேட்டது என்ன என்று சொல்ல வேண்டி வரும். நானும் சொல்ல வேண்டி வரும்.

வரும் வழியில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தவசி தோட்டத்துக்குப் போனால் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருக்கிறான். "என்னடா இது?" என்றேன். "மாமா வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்தமே கசாயக் கேனு, அது முக்கால்வாசி அப்படியே இருந்துச்சுக்கா. நீ காய்ச்சுனதுதானே, எதுக்குக் கீழ கொட்டணும்?" என்கிறான்.

கன்னம் கன்னமாக அறைந்தேன். "எதுக்குக்கா அடிக்கிற?" என்று குழந்தை மாதிரிக் கேட்டான். என்ன சொல்வது. வெயில் நேரத்தில் அடிக்கலாமா என்று திட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

என் கத்தரிச் செடியெல்லாம் பிடுங்கிவிட்டேன். வேரழுகல் வந்திருக்கிறது. வெளியே தெரியாது, ஆனால் வந்திருக்கிறது.

தவசியையும் பிடுங்கச் சொன்னேன். "காய் எறங்குற நேரத்துலயா? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாக்கா?" என்று சிரித்தான். கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. அவன் பயந்துபோய்க் காரணம் கேட்டான். மழை வரும் என்றேன். வானம் பளிச்சென்று இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

மறுசோதனைக்குச் சீட்டு. என் தோட்டத்தில் செடி இல்லாததால் என் பெயர் இல்லை. ரெபேக்கா மேடம் டப்பாவைக் குலுக்கி என்னிடமே நீட்டினார், "தலைவி எடுங்க" என்று. எடுத்தேன். தவசி.

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான். அவனே நல்ல காயாகப் பார்த்துப் பறித்துப் பையில் போட்டான்.

நவம்பர் 25, செவ்வாய்

ரெபேக்கா மேடத்துக்குப் போன் போட்டேன். எடுத்தார். "சொல்லுங்கக்கா" என்றார். "சொல்லுங்கக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றார். மண்புழு உரத்துக்கு மானியம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

நவம்பர் 29, சனி

தூக்கம் இல்லை. மாடு கறவை குறைந்துவிட்டது.

டிசம்பர் 2, செவ்வாய்

மேடம் போன் செய்தபோது கொம்பையா பக்கத்தில் இருந்தார். அவருக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன், பழக்க தோசத்தில் இன்றும் போட்டேன். அதே மருந்து. முன்னைவிட அதிகம். இனி தன் கையில் ஒன்றும் இல்லை, குழு முடிந்தது என்றார் மேடம். அழுதார்.

நான் போனை வைப்பதற்குள் கொம்பையா வெளியே போய்விட்டார். கொட்டகை நிறைவதற்கு நேரம் ஆகவில்லை. மம்பட்டிக் காம்பு, தடி, வந்தவர்கள் கையோடு எல்லாம் வந்தது. சீனிச்சாமி மாமாவையும் யாரோ கூட்டி வந்திருந்தார்கள், நியாயத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஈஸ்வரி அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தவசி மோட்டாரை நிறுத்திவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் என்னிடம் குனிந்து, "இந்தத் தடவ யாருக்கா?" என்று கேட்டான்.

நீதான் என்று நான் சொல்லவில்லை. கொம்பையா சொன்னார்.

தவசி முதலில் சிரித்தான். பிறகு புரிந்தது. "நான் எதுவுமே அடிக்கலய்யா! மாமா வீட்டுக் கேன்ல இருந்த கசாயந்தேன்" என்றான். தப்பிக்க இருந்த கொஞ்ச வழியையும் அதுவே கெடுத்தது.

"அப்ப மருந்துக் கேனுன்னு தெரிஞ்சே தூக்கிட்டுப் போயி அடிச்சிருக்க. அந்தாளு கண்ணப் புடுங்கிட்டு அவன் மருந்தையே அடிச்சிருக்க" என்றார் கொம்பையா. கூட்டம் உறுமியது.

நான் குறுக்கே போனேன். "தம்பிங்கிறதுக்காகத் தடுக்குறியா?" என்று ஒருத்தி கேட்டாள். கொம்பையா என் முன்னால் வந்து நின்றார். "அன்னைக்கு நீதானம்மா சொன்ன, ஆளுக்கொரு அடி போடுங்க, ஒருத்தன் மேல கேசு நிக்காதுன்னு. சொந்தம் பாக்கக் கூடாதுன்னும் நீதான் சொல்லுவ. தலைவி நீ முதல்ல கை வையி. நீ வைக்காம நாங்க வைக்க மாட்டோம்."

அங்கே நின்று நான் நினைத்தது இதுதான், அதையும் எழுதிவிடுகிறேன். மெதுவாக ஓர் அடி அடித்துவிட்டால் அவர்கள் கோபம் ஆறிவிடும். உண்மையைச் சொன்னால் ஆறாது.

தவசி கன்னத்தில் அடித்தேன். மெதுவாகத்தான். அவன் என் முகத்தைப் பார்த்தான். நாடகம் என்று நினைத்துக்கொண்டான் போல, லேசாகக் கண்ணைச் சிமிட்டினான்.

மற்றவர்கள் மெதுவாக அடிக்கவில்லை.

முதுகில் விழுந்த தடியில் குப்புற விழுந்தான். எழுந்து ஒருவனைப் பிடித்துத் தள்ளினான். விலாவில் உதைத்தார்கள். வாயிலிருந்து ரத்தம் வந்தது. "அக்கா, சொல்லுக்கா! நீ குடுத்ததத்தானே அடிச்சேன்! சொல்லுக்கா!" என்று கத்தினான். தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்தான். மம்பட்டிக் காம்பு மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கை வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அவன் போட்ட அலறலில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"நான்தான்!" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அவன் மேல் விழுந்து படுத்துக்கொண்டு கத்தினேன், "நான்தான் ஊத்துனேன்! கடைப் பாட்டில நான்தான் டிரம்முல ஊத்துனேன்! இருவது தோட்டத்துலயும் இருக்கு! அவன விடுங்க, யாரும் எதுவும் பண்ணல, நான்தான்!"

நின்றுவிட்டார்கள்.

தவசி எனக்கு அடியிலிருந்து நகர்ந்து போனான். மண்ணில் கிடந்தபடியே, "எப்பத் தெரியும் ஒனக்கு?" என்று கேட்டான்.

"இப்பத்தான்டா. போன வாரந்தான்" என்றேன்.

சீனிச்சாமி மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "பொய் சொல்லாத வேலு. அன்னைக்கு இதே எடத்துல, நீ குடுத்ததத்தேன் அடிச்சேன்னு நான் சொன்னப்ப, நீ டிரம்மத் திரும்பிப் பாத்த. ஒன் மொகம் செத்துப் போச்சு. நான் பாத்தேன். அப்ப எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தேன் இருந்துச்சு."

மறுக்க வாய் திறந்தேன். கன்று கத்தியது என்று சொல்ல வந்தேன். தவசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தூக்கக் கை கொடுத்தேன். அவன் அதைப் பார்க்காத மாதிரி, நல்ல கையை மாமா பக்கம் நீட்டினான். "மாமா, தூக்கி விடுங்க" என்றான். மாமா கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு வந்து அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். கட்டுப் போட்டிருந்த பக்கம் தெரியாமல் தூணில் இடித்துக்கொள்ளப் போனார். ஈஸ்வரி அத்தை இருவரையும் திட்டிக்கொண்டே மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருமாக ரோட்டுப் பக்கம் நடந்தார்கள்.

நான் கொட்டகை நடுவில் எழுந்து நின்றேன். அடுத்து எனக்குத்தான் என்று தெரியும். ஓடவில்லை, முகத்தை மூடவில்லை, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். அடித்தால் தாங்கிக்கொள்ளலாம். அடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. கொம்பையா காம்பைக் கீழே போட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி கிட்டத்தில் வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சேலை உரசியது, அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது கொட்டகையில் யாரும் இல்லை. என்னை ஒருவர்கூடத் தொடவில்லை.